முழங்கால் சில்லு வலி: தொடையை அளந்து பார்த்தீர்களா?

வாசகர் கேள்வி:

ஐயா, நான் ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு முன்பள்ளி ஆசிரியை. வயது 34, நிறை 56 கிலோ. நான்கு வருடங்களாக இரண்டு முழங்கால் சில்லுகளைச் சுற்றியும் வலி. இடது காலில் கூடுதல். படி இறங்கும்போதும், கச்சான் தோட்டத்தில் குந்தியிருந்து களை பிடுங்கும்போதும், பிள்ளைகளோடு நெடுநேரம் நிலத்தில் இருந்துவிட்டு எழும்பும்போதும் தாங்க முடிவதில்லை. கறகறவென்று சத்தமும் கேட்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். வலிக்குளிசை, எண்ணெய், முழங்கால் உறை எல்லாம் பார்த்தாயிற்று. அயலவர்கள் தேய்மானம் என்கிறார்கள். தசைகள் சமநிலை இழந்தால் இப்படி வரும் என்றும், தொடையின் உட்பக்கத் தசையை மட்டும் பலப்படுத்தினால் போதும் என்றும் ஒரு காணொளியில் சொன்னார்கள். அது சரியா? சத்திரசிகிச்சை வேண்டிவருமா? 2009இல் இடது தொடையில் எறிகணைச் செல் துண்டு பட்டு, செட்டிகுளம் முகாமில் சில மாதம் ஊன்றுகோலுடன் இருந்தேன். அது அப்போதே ஆறிவிட்டது.

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். முழங்காலைப் பற்றி அவ்வளவு விவரமாக எழுதிவிட்டு, தொடையில் பட்ட செல் துண்டைப் போகிற போக்கில் சொல்லி முடித்துவிட்டீர்கள். வன்னியில் இருந்து வருகிறவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இது. காயத்தின் வாய் மூடினால் காயம் ஆறிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த மாதங்களில் மெலிந்துபோன தசையை அதற்குப் பிறகு யாரும் கணக்கெடுப்பதில்லை. உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது என்று எண்ணுகிறேன். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது.

முதலில் உங்கள் கேள்விகளுக்கு நேரடியான பதில். தேய்மானம் என்பதற்கு உங்கள் எக்ஸ்ரே சாட்சி சொல்லவில்லை. படி இறங்கும்போது, குந்தும்போது, நெடுநேரம் கால் மடித்திருந்து எழும்பும்போது சில்லைச் சுற்றி வலி என்றால், இந்த வயதில் அது பெரும்பாலும் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையிலான மூட்டு தன் தாங்குசக்திக்கு மேல் சுமை ஏற்பதால் வருவது. சத்தம் வருவதை மட்டும் வைத்துக்கொண்டு பயப்பட வேண்டாம். வலியே இல்லாத முழங்கால்களும் கறகறக்கும். சத்திரசிகிச்சையை மறந்துவிடுங்கள். இப்படிப்பட்ட நாட்பட்ட வலிக்கு மூட்டுக்குள் குழாய் விட்டுச் சுத்தம் செய்வதால் கூடுதல் பயன் உண்டா என்று பின்லாந்தில் ஆராய்ந்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களும், சத்திரசிகிச்சையும் பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களும் ஒரே அளவில்தான் தேறியிருந்தார்கள். காணொளி சொன்னது பாதி சரி. தசைகளில்தான் விடயம் இருக்கிறது. ஆனால் உட்பக்கத் தசையில் மட்டும் இல்லை.

அந்த உட்பக்கத் தசைக் கதை பழையது. தொடையின் முன்புறத்தில் நான்கு தசைகள் சேர்ந்து ஒரே நாணாகிச் சில்லைப் பிடித்திருக்கின்றன. வெளிப்பக்கத் தசை பலமாகவும் உட்பக்கத் தசை பலவீனமாகவும் இருப்பதால் சில்லு வெளியே இழுபடுகிறது, ஆகவே உட்பக்கத்தை மட்டும் தேடிப் பலப்படுத்து என்று பல பத்தாண்டுகள் சொல்லிக்கொடுத்தார்கள். சிக்கல் என்னவென்றால் நான்கு தசைகளுக்கும் கட்டளை வருவது ஒரே நரம்பு வழியாக. ஒன்றை மட்டும் தனியே வேலை வாங்க முடியாது. பாதத்தை வெளியே திருப்பினாலும், முழங்கால்களுக்கிடையில் பந்தை வைத்து நெரித்தாலும் நான்கும் சேர்ந்துதான் இழுக்கும். தொடை முழுவதையும் பலப்படுத்தினால் உட்பக்கத் தசையும் தன் பங்கைப் பெற்றுக்கொள்ளும்.

காணொளி விட்டுவிட்ட மறுபாதி இடுப்பில் இருக்கிறது. கப்பி போட்ட கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பியைத் தாங்குகிற மரம் ஒருபக்கம் சாய்ந்துவிட்டால் கயிறு பள்ளத்தை விட்டு விளிம்பில் ஏறி உராயும். கயிற்றை எத்தனை தரம் மாற்றினாலும் பயனில்லை, மரத்தை நிமிர்த்த வேண்டும். சில்லு ஓடுகிற பள்ளம் தொடை எலும்பின் கீழ் நுனியில் இருக்கிறது. அந்த எலும்பு உள்நோக்கிச் சரியாமல் பிடித்து வைத்திருப்பவை இடுப்பின் பக்கத் தசைகளும் பிட்டத் தசைகளும். அவை சோர்ந்தால், ஒற்றைக் காலில் உடல் தங்குகிற ஒவ்வொரு முறையும் தொடை உள்ளே திரும்பும், சில்லு பள்ளத்தின் வெளி விளிம்பில் அழுந்தும். அதனால்தான் 2018இல் இத்துறை நிபுணர்கள் கூடி வெளியிட்ட அறிக்கை முழங்கால் பயிற்சியோடு இடுப்புப் பயிற்சியையும் சேர்த்தே செய்யச் சொன்னது.

இனி உங்கள் அளவுநாடாவை எடுங்கள். தையல்காரர் வைத்திருக்கும் துணி நாடா போதும். பாயில் காலை நீட்டி, தசையைத் தளர விட்டு உட்காருங்கள். சில்லின் மேல் விளிம்பிலிருந்து தொடையில் 15 சென்ரிமீற்றர் மேலே பேனாவால் ஒரு கோடு. இரண்டு கால்களிலும் அதே இடத்தில் சுற்றளவை அளந்து எழுதுங்கள். அரை சென்ரிமீற்றர் வித்தியாசம் யாருக்கும் இருக்கும். இடது தொடை இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் மெலிந்திருந்தால் நான் சொல்வது ஏறத்தாழ உறுதி. அடுத்து, கால் நீட்டியபடியே முழங்காலின் பின்புறத்தால் பாயை அழுத்தித் தொடையை இறுக்குங்கள். அப்போது பழைய தழும்பைக் கவனியுங்கள். தோல் தசையின் மேல் வழுகிப் போகிறதா, அல்லது தழும்பு உள்ளே குழிந்து இழுபடுகிறதா? குழிந்தால் தோலும் தசையும் உள்ளே ஒட்டியிருக்கின்றன என்று பொருள். பிறகு குப்புறப் படுத்து, ஒவ்வொரு குதிக்காலாகப் பிட்டத்தை நோக்கி மடக்குங்கள். வலது குதிக்கால் தொட்டுவிடுகிற இடத்தை இடது தொடாவிட்டால், முன்தசை பலவீனமாக மட்டும் அல்ல, இறுகியும் இருக்கிறது. மெலிந்த தசையே இறுகியும் இருப்பது விந்தையாகத் தோன்றலாம். ஊன்றுகோல் காலத்தில் அசையாமல் கிடந்த தசைக்கு இரண்டும் சேர்ந்தே வரும்.

கடைசிச் சோதனை கண்ணாடியின் முன். ஓர் அடுக்குச் செங்கல்லில் ஏறி நின்று, ஒற்றைக் காலை ஊன்றி மற்றக் காலின் குதிக்காலால் மெதுவாக நிலத்தைத் தொடுங்கள். ஊன்றிய காலின் முழங்கால் பெருவிரலைத் தாண்டி உள்ளே சாய்கிறதா, மற்றப்பக்க இடுப்பு கீழே விழுகிறதா என்று பாருங்கள். இரண்டு கால்களிலும் செய்து பார்த்தால் விளக்கம் தேவைப்படாது.

வலது முழங்கால் ஏன் வலிக்கிறது? உங்களை அறியாமலே படி ஏறும்போது வலது காலைத்தான் முதலில் வைப்பீர்கள், நிலத்திலிருந்து எழும்பும்போதும் வலதையே ஊன்றுவீர்கள். இத்தனை வருடமாக அந்தக் கால் இரண்டு பேரின் வேலையைச் செய்கிறது. ஆகவே அதையும் சேர்த்துப் பயிற்றவேண்டும். வலி இன்னொரு வேலையும் செய்கிறது. முழங்கால் வலித்தால் தொடைத் தசைக்கு வரும் கட்டளை தானாகவே குறைந்துவிடும். தசை குறைவாக வேலை செய்ய, மேலும் மெலியும். மெலிய மெலிய வலி கூடும். ஓய்வெடுத்தால் மாறிவிடும் என்று யாராவது சொன்னால் கேளாதீர்கள்.

பயிற்சிக்கு வருவோம். கிழமைக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். ஒவ்வொன்றையும் பத்துத் தடவை, சற்று ஓய்வு, மறுபடி பத்து, மறுபடி பத்து. எப்போதும் இடது காலில் தொடங்குங்கள், இடதுக்கு மட்டும் நான்காவது சுற்று ஒன்று கூடுதலாக. முதல் மூன்று கிழமைகள் இடுப்பே முக்கியம், ஏனென்றால் முழங்காலை நோகடிக்காமல் தொடங்கலாம். வலது பக்கமாகச் சரிந்து படுத்து, கீழ்க்காலை மடித்து, மேலே இருக்கிற இடது காலை நேராக உயர்த்துங்கள். இதில்தான் பெரும்பாலானவர்கள் பிழைவிடுகிறார்கள். கால் முன்னே வந்துவிடும், பெருவிரல் கூரையைப் பார்க்கும், வேலையெல்லாம் தொடையின் முன்பக்கத்துக்குப் போய்விடும். சுவரோடு முதுகை வைத்துப் படுத்து, குதிக்கால் சுவரை உரசிக்கொண்டே மேலே போகும்படி உயர்த்தினால் தப்ப முடியாது. பெருவிரல் சற்றுக் கீழே பார்க்கட்டும். சரியாகச் செய்தால் ஏழெட்டுத் தடவையிலேயே காற்சட்டைப் பை இருக்கிற இடத்துக்குச் சற்றுப் பின்னால் எரிவு எடுக்கும். இரண்டாவது, மல்லாந்து முழங்கால்களை மடித்து, பிட்டத்தை உயர்த்தி ஐந்து எண்ணும்வரை பிடிப்பது. சுலபமானதும் ஒற்றைக் காலில் செய்யுங்கள்.

தொடைக்கு: கதிரையில் இருந்து காலை நீட்டும் பயிற்சியை எல்லாரும் சொல்லித்தருவார்கள். கணுக்காலில் பாரம் கட்டிக்கொண்டு முழுவதும் நீட்டச் சொல்வார்கள். அந்தக் கடைசிப் பகுதியில் சில்லு எலும்பைத் தொடும் பரப்பு சிறியது, தசை இழுக்கும் விசை பெரியது. வலி வருவது அங்கேதான். தொங்கும் காலைப் பாதித் தூரம் வரை மட்டும் உயர்த்தி இறக்குங்கள். பாரத்துக்கு ஒரு கிலோ மணலைப் பொலித்தீன் பையில் கட்டிப் பழைய காலுறைக்குள் போட்டால் போதும். நின்றுகொண்டு செய்யும்போது கணக்கு நேர்மாறு. அங்கே ஆழமாக மடக்குவதுதான் சுமை. சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்கால் பாதிக்கு மேல் மடங்காதபடி சறுக்கி இறங்கி, பத்து எண்ணி எழும்புங்கள். நான்காம் கிழமையிலிருந்து கதிரையில் இருந்து எழும்பும் பயிற்சி. கதிரையில் இரண்டு தலையணை வைத்து, கை ஊன்றாமல் எழும்பி, மெதுவாக இறங்கி இருக்க வேண்டும். பிறகு ஒரு தலையணை, பிறகு வெறும் கதிரை, பிறகு பிள்ளைகளின் சிறிய கதிரை. அதன் பின்னர் ஒற்றைச் செங்கல்லில் ஏறி இறங்குவது, அதன் பின்னர் இரண்டு செங்கல். ஒவ்வொரு அசைவிலும் முழங்கால் இரண்டாம் விரலின் நேர்கோட்டில் நிற்கட்டும். பாரத்தைக் கூட்டாமல் மாதக்கணக்கில் அதே பத்துத் தடவையைச் செய்துகொண்டிருந்தால் தசை வளராது, பழக்கம் மட்டும் வளரும்.

வலித்தால் நிறுத்தவேண்டுமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். வலியே இல்லாதது 0, தாங்க முடியாதது 10 என்று வைத்துக்கொண்டால் 3 வரை வலிக்கலாம். அடுத்த நாள் காலையில் அது பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அடுத்தமுறை பாரத்தையோ எண்ணிக்கையையோ பாதியாக்குங்கள், பயிற்சியை விடாதீர்கள். இறுக்கத்துக்கு, குப்புறப் படுத்து ஒரு துவாயைக் கணுக்காலில் போட்டு இழுத்து அரை நிமிடம் பிடிப்பது, மூன்று தரம். தழும்பு ஒட்டியிருந்தால் தேங்காயெண்ணெய் தொட்டுப் பெருவிரலால் குறுக்கும் நெடுக்குமாகத் தினமும் சில நிமிடம் நகர்த்துங்கள். ஆனால் தோலுக்குக் கீழே கடினமாக எதுவும் தட்டுப்பட்டால் அந்த இடத்தை அழுத்தாதீர்கள்.

தசை தேறுவதற்கு எட்டு முதல் பன்னிரண்டு கிழமை வேண்டும். உங்களுக்கு நான்கு வருட வலியும் அதைவிடப் பழைய மெலிவும் இருப்பதால் ஆறு மாதம் என்றே மனத்தைத் தயார்படுத்துங்கள். அதுவரை சுமையைக் குறைத்து வைக்கவேண்டும். எந்தச் சுமையை என்பதுதான் கேள்வி. சமதரையில் நடக்கும்போது சில்லின் கீழ் விழும் அழுத்தம் உடல் நிறையின் ஏறத்தாழ பாதி. படிகளில் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆழமாகக் குந்தும்போது ஏழு மடங்கு அளவுக்குப் போகும். 56 கிலோ நிறையுள்ள உங்களுக்கு நடக்கையில் 28 கிலோ, கச்சான் பாத்தியில் குந்தி எழும்பும்போது 400 கிலோவை அண்டிய அழுத்தம். ஆகவே நடப்பதைக் குறைக்காதீர்கள். வற்றாப்பளை அம்மனுக்கு நடந்துபோக ஆசையென்றால் போகலாம். குந்தியிருந்து அடுப்பூதிப் பொங்குவதை மட்டும் இந்த வருடம் வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

களை பிடுங்க ஒரு சாண் உயரப் பலகைக்கட்டை ஒன்றை அடித்து வைத்துக்கொண்டு அதில் இருந்து செய்யுங்கள். ஒரு வரிசை முடிந்ததும் எழுந்து நாலு எட்டு நடவுங்கள். மண்ணில் முழந்தாளிட்டு வேலை செய்வது குந்துவதற்கு மாற்று ஆகாது. முன்பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் நேரமெல்லாம் நின்றே சொல்லிக்கொடுக்கலாம். நிலத்தில் இருக்கும்போது கால்களை நீட்டி இருங்கள். கோயிலில் சாமிக்கு நேரே கால் நீட்டக் கூடாதென்று கூச்சமாக இருந்தால் தூணோரமாகப் பக்கம் பார்த்து இருங்கள், அம்மன் கோபிக்க மாட்டாள். குந்து மலசலகூடம் மட்டுமே வீட்டில் இருந்தால், சுவரில் பிடித்து எழும்ப ஒரு குழாயையாவது பொருத்தச் சொல்லுங்கள்.

சைக்கிளைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஒட்டுசுட்டான் கிரவல் ஒழுங்கைகளில் முன்பள்ளி ஆசிரியைகள் எதில் போகிறார்கள் என்பது தெரிந்ததுதான். சேலையோடு ஓடுவதால், நிறுத்தும்போது இரண்டு பாதமும் நிலத்தில் படவேண்டும் என்று சீற்றைக் கீழே இறக்கி வைத்திருப்பீர்கள். அந்த நிலையில் ஒவ்வொரு மிதியும் ஒரு சிறிய குந்தல். குதிக்காலை மிதியில் வைத்து மிதி கீழே போகும்போது கால் நேராகும் உயரத்துக்குச் சீற்றை உயர்த்துங்கள். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும், அதுதான் சரியான அளவு. ஒரேயடியாக உயர்த்தினால் பயம் வரும். கிழமைக்கு ஒரு விரலளவாக உயர்த்துங்கள்.

முழங்கால் உறை சூடாக இருக்கிறது என்றால் போட்டுக்கொள்ளலாம், எண்ணெயும் தடவலாம். இரண்டும் தசையைத் தராது. வலிக்குளிசை விடயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். டைக்குளோபினாக், ஐபுபுரூபன் போன்றவற்றை மாதக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்தைக் கெடுக்கும். காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கத்திலும் இருக்கிற நாட்டில், வெயிலில் வேலை செய்து தண்ணீர் குறைவாகக் குடிக்கிற ஒருவர் இந்தக் குளிசைகளைக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் போடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அந்தச் செல் துண்டை வெளியே எடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. அது உள்ளே இருந்தால் இரண்டு இடங்களில் வாய் திறந்து சொல்லவேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், காந்தப் பொறிக்குள் போவதற்கு முன்பே உடலில் உலோகம் இருப்பதைச் சொல்லுங்கள். முன்கூட்டியே ஒரு தொடை எக்ஸ்ரே எடுத்து, போகலாமா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். இயன்மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவில் மின்னலைகளால் ஆழச் சூடு கொடுக்கும் கருவியை வைக்க வந்தாலும் சொல்லுங்கள். உலோகம் இருக்கிற இடத்தில் அதை வைத்தால் உள்ளேயே சுட்டுவிடும். இந்த வலிக்கு அந்தக் கருவிகளால் பயனில்லை என்று அதே 2018 அறிக்கையும் சொல்கிறது, ஆகவே வேண்டாமென்று மறுப்பதில் நட்டம் எதுவும் இல்லை.

பயிற்சி தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள். மல்லாந்து படுத்து, இடது முழங்காலை முழுவதும் நேராக்கிக் குதிக்காலை ஒரு சாண் உயர்த்துங்கள். முழங்கால் நேராக நிற்காமல் மடிந்து தொங்கினால், அல்லது தொடையின் முன்பக்கம் மரத்துக் கிடந்தால், அன்று நரம்பும் சேதப்பட்டிருக்கலாம். அப்படியானால் என் பயிற்சித் திட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் வைத்தியரைப் பாருங்கள். முழங்கால் வீங்கினாலும், மடக்கிய இடத்தில் பூட்டிக்கொண்டாலும், சில்லு இடம் விலகினாலும், இரவில் படுக்கையில் வலி எழுப்பினாலும், தழும்பு சிவந்து நீர் கசிந்தாலும் அப்படியே.

அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை மாஞ்சோலையிலுள்ள மாவட்ட வைத்தியசாலைக்குப் போய் வெளிநோயாளர் பிரிவில் பார்த்து, இயன்மருத்துவரிடம் அனுப்பும்படி கேளுங்கள். முழங்கால் வலி என்று மட்டும் சொன்னால் முழங்காலை மட்டும்தான் பார்ப்பார்கள். தொடைக் காயத்தை முதலில் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரேயையும், நீங்கள் அளந்து எழுதிய இரண்டு தொடைகளின் சுற்றளவையும் கையோடு கொண்டுபோங்கள். தொடையை மூடாத ஒரு காற்சட்டையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், சேலையோடு நின்றால் யாராலும் தசையைப் பார்க்க முடியாது. ஆறு கிழமை கழித்து அதே கோட்டில் மறுபடி அளந்து, இரண்டு அளவுகளையும், படி இறங்கும்போது வலி பத்துக்கு எத்தனை என்பதையும் எனக்கு எழுதுங்கள்.